தனிக் கிணறு

யூன் 14

பொய் என்று சொல்ல முடியாது. காணி உறுதியில் அப்படித்தான் இருக்கிறது: காணியும், அதிலுள்ள தென்னைகளும், கிணறும் முழுவதும். பங்கு என்ற சொல் எங்கும் இல்லை. பழைய உறுதிகளையும் எடுத்து வாசித்தேன். விமலேஸ்வரி அன்ரி கேட்டது, "தனிக் கிணறோ?" நான் சொன்னது, "ஓம் அன்ரி, தனிக் கிணறு." காகிதத்துக்குள் நின்றால் நான் சரி.

காகிதத்துக்கு வெளியே மீனம்மா நிற்கிறா.

நேற்று நொத்தாரிசு கந்தோரில் கையெழுத்து முடிந்தது. விற்ற சிவராசா யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். வாங்கிய அன்ரி கனடாவில். அவவுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அற்றோணி உரிமை அவவின் அண்ணன் அப்புத்துரையிடம்; அவர் பூவரசங்குளத்திலிருந்து வந்து கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லாரும் றோல்ஸ் சாப்பிட்டோம். முரசுமோட்டையில் அரை ஏக்கர். காணித் தரகு செய்யத் தொடங்கிய இந்த இரண்டு வருடத்தில் நான் முடித்த பெரிய விற்பனை.

அந்த ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் சவர், உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் இந்த ஒன்றில்தான். பக்கத்து வளவில் இருக்கும் மீனம்மாவின் குடும்பம் பதினைந்து வருடமாக இதில்தான் அள்ளுகிறது. குடிக்க, குளிக்க, கத்தரிக்கு இறைக்க. எந்தக் காகிதமும் இல்லை. "அள்ளுங்கோ" என்று சிவராசாவின் தகப்பன் வாயால் சொன்னது மட்டும்.

பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரில் சவர் ஏறுவது பற்றி இருபது பக்கம் எழுதினேன். நல்ல புள்ளி. எனக்கு விளங்கவில்லை என்றும் சொல்ல வழியில்லை.

யூன் 15, ஞாயிறு

அன்ரி எடுத்தா. ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பா. அவவுக்குக் காலை, எனக்கு மாலை.

"என்ன பிள்ளை, சாப்பிட்டியோ? இனி என்ர காணி எண்டு சொல்லலாம் என்ன?"

"ஓம் அன்ரி. உங்கட காணிதான்."

"பங்குக் கிணறு எண்டா நான் திரும்பியும் பாத்திருக்கமாட்டன். அப்பா எட்டிலொரு பங்குக்கு இருபத்திரண்டு வருசம் கோடேறினவர். தீர்ப்பு வரேக்க கிணறு தூர்ந்து போச்சு!"

சிரித்தா. நானும் சிரித்தேன்.

கோயிலில் சந்திக்கிற பெண்களிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாவாம். மூன்று பேர் காணி தேடுகிறார்களாம். "அந்தப் பிள்ளை ஒண்டும் ஒளிக்காது, நம்பிக் குடுக்கலாம் எண்டு சொன்னனான்."

அவவின் முழங்கால் சத்திரசிகிச்சைக்கு வற்றாப்பளையில் அர்ச்சனை செய்தேன். பொங்கலன்று கூட்டத்துக்குள் நின்று வீடியோ எடுத்து அனுப்பினேன். அவவுடைய தகப்பனின் திவசம் எனக்கு நினைவில் நிற்கிறது, அவவுக்கு ஒருமுறை மறந்துபோனது. வியாபாரத்துக்குத்தானா இதெல்லாம்? தொடக்கத்தில் ஓம். இப்போது இல்லை. ஞாயிறு மாலையில் போனைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். எனக்கு அவவைப் பிடிக்கும்.

அதனால்தான் சொல்ல முடியவில்லை. இல்லை – அதனால்தானா?

யூன் 17

ஏப்ரலில் நடந்ததை எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு வசதியாக மாறிவிடும்.

அன்ரி காணியின் வீடியோ கேட்டா. போனேன். கிணற்றடியில் கயிறு, இரண்டு வாளி, சவர்க்காரப் பெட்டி, காயப்போட்ட உடுப்பு. மீனம்மாவின் பேத்தி தலைக்கு வார்த்துக்கொண்டு நின்றாள். சில படங்கள் எடுத்துவிட்டு நின்று யோசித்தேன். பிறகு மீனம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒரு நாளைக்கு மட்டும் இந்தச் சாமானெல்லாம் எடுத்து வைப்பியளோ? கயித்தையும் கழட்டினா நல்லம். வெளிநாட்டு ஆக்களுக்கு வடிவாக் காட்டோணும்."

"பொண்ணு பார்க்க வர்றாங்களா மிஸ் கிணத்த?" என்று சிரித்தா.

அடுத்த நாள் போனேன். கயிறு இல்லை, வாளி இல்லை. கிணற்றுக் கட்டைச் சுற்றிப் புல் பிடுங்கி, சாணம் தெளித்துக் கூட்டியிருந்தா. நான் கேட்கவில்லை அதை. பிளேன்ரீ வேறு. வீடியோ நாற்பத்திரண்டு விநாடி. யாரும் எக்காலமும் அள்ளாத கிணறு மாதிரி இருந்தது.

போகும்போது கேட்டா: "புதுசா வர்றவங்க தண்ணிக்கு ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்ல?"

"கதைக்கலாம்" என்றேன்.

கதைக்கலாம். எவ்வளவு நல்ல சொல். யாருக்கும் எதையும் கொடுக்காத சொல்.

யூன் 18

மீனம்மா குடும்பத்தைப் பற்றி ஏப்ரலில் சிவராசாவிடம் நான் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. "அதுகள் பிரச்சினை தராதுகள் ஐயா." அதுகள்.

யூன் 26

வேலி. அண்ணன் அப்புத்துரை ஆள் பிடித்து அனுப்பியிருந்தார். சீமெந்துத் தூண், முள்ளுக்கம்பி. எல்லைக்கல் காட்ட நான் போக வேண்டியிருந்தது.

மீனம்மா தன் பக்கத்தில் நின்று பார்த்தா. தூண் குழி வெட்டுகிறவனுக்கு இடம் விட்டுத் தன் பயிற்றங்கொடியை விலக்கிக் கட்டினா.

"படலை எந்தப் பக்கம் மிஸ் வைப்பீங்க?"

வேலியில் தான் போய்வர ஒரு படலை வருமென்று நம்பிக் கேட்டா. எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் அவவின் கேள்வி.

"கேட்டுச் சொல்லுறன்" என்றேன். இதுவும் அந்த வகைச் சொல்.

யூலை 3

வேலி முடிந்தது. படலை இல்லை. ரோட்டுப் பக்கம் ஒரு கேற், பூட்டுடன். திறப்பு என் மேசை லாச்சிக்குள்.

படம் எடுத்து அன்ரிக்கு அனுப்பினேன். மூன்று இதயம் வந்தது.

யூலை 7

மீனம்மா கந்தோருக்கு வந்தா. முதல் தரம். சண்டைக்கு என்று நினைத்தேன். கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தா.

"என் நாத்தனா மகன் ஜெயபுரத்துல காணி வாங்கப் போறானாம். ஏமாத்தாத ஆளா ஒருத்தர சொல்லு அத்தைன்னான். உங்க பேரச் சொன்னேன்."

முகத்தைப் பார்த்தேன். குத்துகிறாவா, மெய்யாகச் சொல்கிறாவா? எதுவும் பிடிபடவில்லை.

"தண்ணிக்கு என்ன செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"தண்ணி பவுசர் வருது, ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி. குடிக்கப் போதும். மருமகன் சஜீவன் சைக்கிள்ல கேன் கட்டிக் கொண்டாறான். கத்தரி நம்ம சவர்த் தண்ணியக் குடிச்சிட்டு மஞ்சளாப் படுத்துக்கிச்சு."

எழும்பும்போது சொன்னா, கோபமில்லாமல்: "கயித்தக் கழட்டச் சொன்னீங்க, கழட்டினேன். எப்பத் திரும்பக் கட்டணும்னு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்க மிஸ்."

அவ போன பிறகு லாச்சியைத் திறந்தேன். திறப்பு இருந்தது. மூடினேன். அது எனக்குச் சொந்தமில்லை. வாடிக்கையாளரின் திறப்பு. இப்படி நல்ல நல்ல நியாயங்கள் கைவசம் இருக்கின்றன.

யூலை 9

ஜெயபுரத்துக் காணி பார்த்தேன். பேமிற் காணி, அரசாங்கம் குடியிருக்க மட்டும் கொடுத்தது. விற்கிறவனுக்கு விற்க உரிமையில்லை. வாங்க வேண்டாம் என்று அந்தப் பொடியனிடம் சொன்னேன். "அத்தை சொன்னது சரிதான்" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வசனம்.

யூலை 12

வவுனியா. காணி, வீடு விற்கிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. கொழும்பிலிருந்து வந்தவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். தலைப்பு: வாடிக்கையாளரை வாழ்நாள் முழுவதும் வைத்திருப்பது எப்படி.

விற்று முடிந்த பிறகுதான் உறவு தொடங்குகிறது என்றார். பிறந்தநாளை எழுதி வையுங்கள். பிள்ளைகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். நான் இதையெல்லாம் செய்கிறேன். யாரும் படிப்பிக்காமலே.

பிறகு தாள் தந்து, நீங்கள் கடைசியாகச் செய்த விற்பனையில் சம்பந்தப்பட்ட எல்லாரையும் எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: விமலேஸ்வரி அன்ரி. சிவராசா ஐயா. அப்புத்துரை ஐயா. நொத்தாரிசு. நில அளவையாளர். வேலிக்காரர்.

தாளை வாங்கிவிட்டார். பஸ்ஸில் ஓமந்தை தாண்டும்போதுதான் தெரிந்தது, அதில் மீனம்மாவின் பெயர் இல்லையென்று.

இன்னொன்றும். விமலேஸ்வரி எனக்கு அன்ரி. மீனம்மா எனக்கு மீனம்மா. இரண்டு பேருக்கும் ஐம்பத்தெட்டு வயது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாய் தானாகவே பிரித்து வைத்திருக்கிறது.

யூலை 13, ஞாயிறு

சொல்ல வாயெடுத்தேன். அன்ரி அதற்குள் மகளின் பரீட்சை முடிவு சொன்னா. நல்ல முடிவு. வாழ்த்தினேன்.

யூலை 16

மழை இல்லை.

யூலை 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. அவ எடுத்ததும், சாப்பிட்டியோ என்று கேட்க முதலே தொடங்கிவிட்டேன். பக்கத்து வளவு, பதினைந்து வருடம், சவர், கத்தரி. கயிறு பற்றிச் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டேன். அப்போதும்.

அந்தப் பக்கம் தொலைக்காட்சியை நிறுத்துவது கேட்டது.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் வாங்கமாட்டியள் எண்ட பயத்தில அன்ரி."

"ஓம், வாங்கியிருக்கமாட்டன்தான்." பிறகு, "இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?"

"ஒரு சின்னப் படலை."

"படலை வைச்சா அது பங்கு. இண்டைக்குத் தண்ணி, நாளைக்கு வழி, பிறகு கோடு. நான் பாத்து வளந்தனான் பிள்ளை." மூச்சு விட்டா. "அதுகள் எங்கத்தைய ஆக்கள்?"

"மலையகத்து ஆக்கள். எண்பத்துமூண்டு கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பம்."

"ம்."

அந்த "ம்" எனக்குத் தெரிந்த "ம்". "அதுகள்" என்றதும் தெரிந்ததுதான். அவவைத் திருத்த எனக்கு வாய் இல்லை. ஏப்ரலில் அதே சொல்லை நானே சொன்னவள்.

"நான் யோசிக்கிறன்" என்று வைத்துவிட்டா. சாப்பிட்டியோ என்று கேட்கவில்லை.

யூலை 27, ஞாயிறு

எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

எடுக்கவில்லை. நான் எடுத்தேன். மணி அடித்து நின்றது.

அவவின் சிநேகிதிகள் மூன்று பேரில் ஒருவர், வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்று எழுதியிருந்தார். மரியாதையாக.

இதற்காகவா அழுதேன்? ஓம், இதற்காகவும். மீனம்மாவின் தண்ணிக்காக அழவில்லை. அதுதான் வெட்கக்கேடு. எனக்காகத்தான் அழுறன் எண்டு தெரிஞ்சுகொண்டே அழுதன்.

ஓகஸ்ட் 17

அப்புத்துரை ஐயா போன் எடுத்தார். மீனம்மாவின் மருமகன் சஜீவன் மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறான். வருகிற சனிக்கிழமை வரச்சொல்லிக் கடிதம்.

"தங்கச்சி உன்னோட கோவம்தான். ஆனா அந்த வீடியோவைக் காட்டச் சொன்னவள். கயிறுமில்லை வாளியுமில்லை, ஒருத்தரும் அள்ளாத கிணறெண்டு அதிலயே தெரியுது. அது வாட்ஸ்அப்பில எங்கயோ கிடக்கு, எனக்குத் தேடத் தெரியாது. நீ கொண்டு வா. நீதானே எங்கட ஆள்."

"வாறன் ஐயா."

"இதை வடிவா முடிச்சுத் தந்தியெண்டா அவளும் கோவத்தை விட்டிடுவாள். எனக்குத் தெரியும் அவளை."

எனக்கும் தெரியும் அவவை. திரும்ப ஞாயிறுகள் வரும்.

ஓகஸ்ட் 19

வீடியோவைப் பார்த்தேன். திரும்பத் திரும்ப. கூட்டிய மண்ணில் விளக்குமாற்றின் கோடுகள் தெரிகின்றன. வேறு யாருக்கும் தெரியாது. கிணறு தன் பாட்டில் சுத்தமாக இருக்கிறதென்றுதான் நினைப்பார்கள்.

பதினைந்து வருடத்தை நாற்பத்திரண்டு விநாடியில் அழித்திருக்கிறேன். நான் எடுத்ததில் மிக நேர்த்தியான வீடியோ.

முதல் நாள் எடுத்த படங்கள் அழியவில்லை. கயிறு, வாளி, தலைக்கு வார்க்கிற பேத்தி. ஒன்பது படம்.

ஓகஸ்ட் 22

நாளைக்கு. காய்ச்சல் என்று சொல்லலாமா? வீடியோவை மட்டும் ஐயாவுக்கு அனுப்பிவிட்டு –

இல்லை.

ஓகஸ்ட் 23, சனி

பள்ளிக்கூட மண்டபம். சின்னப்பிள்ளைகளின் கதிரை மேசைகள். மேசைக்குப் பின்னால் சபையினர் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை கமலாசனி. எல்லாரும் அவவை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள், வழக்குக் கொண்டுவந்த கிழவர்களும்.

சஜீவன் பேசினான். நேரே பேசினான். ஐயா எழும்பி, "அம்மா, இதைப் பாருங்கோ" என்று என் போனைக் கொண்டுபோய்க் காட்டினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நாற்பத்திரண்டு விநாடி. மண்டபத்தில் ஒரு காற்றாடி மட்டும் சத்தம்.

ரீச்சர் மீனம்மாவைப் பார்த்து: "பதினைஞ்சு வருசம் அள்ளினதெண்டுறியள். உங்கட கயிறு எங்க?"

"கழட்டி வச்சேன்."

"ஏன் கழட்டினீங்கள்?"

மீனம்மா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டா. "வீட்டுக்கு ஆளு வர்றாங்கன்னா முத்தத்தக் கூட்டுவோம்ல. அது மாதிரி."

ரீச்சர் ஏதோ எழுதினா. எழுதுகோல் ஓடியதைப் பார்த்தேன். எழும்பினேன். முழங்கால் அந்தச் சின்ன மேசையில் இடித்தது.

"கழட்டச் சொன்னது நான்."

"நீர் ஆர்?"

"காணி வித்துக் குடுத்தவள். வீடியோ எடுத்ததும் நான். கயிறு, வாளி எல்லாம் எடுக்கச் சொல்லிப்போட்டு அடுத்த நாள் எடுத்தனான். இது முதல் நாள் எடுத்தது." ஒன்பது படத்தையும் காட்டினேன். திகதி, நேரம் எல்லாம் அதில் இருந்தது. "நான் காணி பாக்கப் போன மூண்டு தரமும் இவையள் இதிலதான் அள்ளிக்கொண்டு நிண்டவை. வாங்குற ஆக்களுக்கு நான் சொல்லேல்லை. அவையில பிழை இல்லை."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, விளங்காத மாதிரி. "பிள்ளை, நீ ஆரின்ர ஆள்?"

நான் போனை ரீச்சரின் பக்கம் நகர்த்தினேன்.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "பத்து வருசத்துக்கு மேல அள்ளின தண்ணி எண்டா சட்டத்தில உரிமை கேக்கலாம், ஐயா; கோட்டுக்குப் போனா இது லேசில முடியாது. தங்கச்சியோட கதைச்சுப்போட்டு வாங்கோ."

ஐயா விறாந்தைக்குப் போய்க் கனடாவுக்கு எடுத்தார். அவ காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறா; முதல் மணியிலேயே எடுத்தா. ஐயா "கோடு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. என் பெயரும் கேட்டது. அதன் பிறகு அவர் "ம்… ம்…" மட்டும்தான்.

எழுதிய இணக்கம்: மீனம்மாவின் பக்கம் ஆள் போகிற அளவில் ஒரு படலை. காலையும் மாலையும் கையால் அள்ளலாம். மோட்டர் வைக்கக்கூடாது. கிணற்றை இரண்டு பகுதியும் சேர்ந்து இறைத்துத் துப்புரவாக்க வேண்டும். மீனம்மா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்து வைத்தா.

வெளியே வேப்பமரத்தடியில் பிடித்தேன். "ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பார்த்தேன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"அக்காவா? இது எப்பலேருந்து?" என்று சஜீவனைப் பார்த்துச் சிரித்தா. பிறகு சிரிப்பு நின்றது. "இத ஏப்ரல்லயே சொல்லியிருந்தா எம்பது கன்னு கத்தரி நின்னிருக்கும். அதுக்கு எந்த சபைக்குப் போறது?"

சஜீவன் சைக்கிளைத் திருப்பினான். பின்னால் ஏறி இருந்து போனா. கை காட்டவில்லை. ஏன் காட்ட வேண்டும்?

ஓகஸ்ட் 30

படலை போட்டாச்சு. ஐயாவே நின்று போடுவித்ததாக வேலிக்காரர் சொன்னார். நான் போகவில்லை. போய் நின்றால் நன்றி எதிர்பார்க்கிற முகம் வந்துவிடும் எனக்கு.

நிம்மதியா? இல்லை. செய்ய வேண்டியதை நாலு மாதம் பிந்திச் செய்தவளுக்கு அது எப்படி வரும். உண்மையைச் சொன்னவள் என்று இனி எங்கேயாவது ஒரு பேர் வந்தால், அதுவும் ஒரு வீடியோ.

செப்ரெம்பர் 6

மற்ற இரண்டு சிநேகிதிகளும் இல்லை. சிவராசா ஐயா தன் மச்சானின் காணியையும் தருவதாக இருந்தார், அதுவும் இல்லை. "நீங்கள் சபையில ஏறிக் கதைக்கிற ஆளாம்" என்றார்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

அன்ரியின் குரல் செய்தி. பதினொரு விநாடி.

"மேனுகா, காணியின்ர பேப்பர் எல்லாத்தையும் பரந்தனில கோகுலன் எண்டவரிட்டக் குடுத்துவிடுங்கோ. இனி அவர்தான் பாப்பார். நன்றி."

குடுத்துவிடுங்கோ. இரண்டு வருடமாக நான் நீ. பிள்ளை. இப்போது நீங்கள். திட்டியிருக்கலாம். இவ்வளவு மரியாதை வேண்டியிருக்கவில்லை.

நாலு தரம் கேட்டேன். "ஓம் அன்ரி" என்று எழுதி, அன்ரியை அழித்து, "ஓம், நாளைக்குக் குடுக்கிறன்" என்று அனுப்பினேன்.

செப்ரெம்பர் 15

காலையில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கினேன். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, கேற் திறப்பு. மத்தியஸ்த சபையின் இணக்கப் பத்திரத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

பரந்தனுக்கு ஸ்கூட்டியில் போனேன். கோகுலன் என் வயதுதான். சுவரெல்லாம் காணிப் படங்கள். கோப்பைத் திறந்து முதல் தாளைப் பார்த்தான்.

"இதென்ன, அவ எனக்குத் தனிக் கிணறெண்டுதானே சொன்னவ?"

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். ஏப்ரலில் இருந்து தொடங்கி, கயிறு கழட்டச் சொன்னதையும் சேர்த்து, முழுவதும் சொன்னேன். அவன் குறித்துக்கொண்டான். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் கந்தோருக்குத் திரும்பினேன்.